வேர்க்காத உடம்புக்கு ஒரு பாடு

நாகப்பனுக்கு வேர்க்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சித்திரை வெயிலில் ஊரே முதுகில் உப்புப் பூத்துத் திரியும்போது, இவன் தோல் மட்டும் வறண்டு கிடக்கும்; உள்ளே உடம்பு கொதிக்கும். வாயில் மொத்தமே நாலு பல், அதுவும் முள் மாதிரி. நகங்கள் மெலிந்து சுருண்டிருக்கும், வலை முடிச்சை அவிழ்க்கப் போனால் பிய்ந்து வந்துவிடும். இதை வைத்துக் கோட்டைக்குப்பத்தில் பேசாத பேச்சில்லை. பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் பச்சையம்மா அவனைக் கட்டிக்கொண்டாள். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சோறு தின்னாமல் கிடந்தவள் அவள்.

கல்யாணமானவனுக்குப் பாடு உண்டு. கடலோடு சேரும் அந்த ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள், அதற்குத்தான் பாடு என்று பெயர். அது இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டும். நாகப்பனைக் கூலிக்கும் யார் கூப்பிடப்போகிறார்கள்?

ஊர்க் கூட்டத்தில் நாகப்பன் பாடு கேட்டதும், ஊர்த்தலைவர் கங்காதர நாட்டார் கையை விரித்துவிட்டார்.

"உங்க மாமன் மாரி இன்னா ஆனான்? வலை கட்டின எடத்துலயே சுருண்டு செத்தான். ஒரு வருசம் அந்தப் பக்கம் எவனும் போவல. இன்னொரு தபா அந்தக் கூத்து வோணாம்பா."

மாரி, நாகப்பனின் அம்மா அங்காளம்மாளுக்குத் தம்பி. அவனுக்கும் இதே உடம்பு.

"மாமன் வெயில்ல சாவல நாட்டாரே. ஊர்க் கட்டுப்பாட்டுல செத்தாரு" என்றான் நாகப்பன்.

வலை நிற்கும்போது யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, மொண்டு ஊற்றும் சத்தம்கூட வரக்கூடாது, இறால் கலைந்துவிடும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. மாரி சொன்ன பேச்சு கேட்கிறவன். சுற்றிலும் அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்து வெந்து செத்தான், பாவி.

"ஒரு நாள் குடுங்க. நான் தண்ணில எறங்குவேன். இறால் கொறஞ்சா அப்பறம் பாடுன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

"இன்னா திமிருடா ஒனக்கு!" நாட்டார் எழுந்துவிட்டார். "எம் பக்கத்துலயே கட்டு. என் வலைல கொறஞ்சாலும் நீ ஊர வுட்டே போயிரணும்."

வீட்டில் பச்சையம்மா வலையைத் தூக்கிக் கொடுத்தாள். "ஊர வுட்டுப் போறதுன்னா நானும்தான் வரணும். அத்த மனசுல வச்சிக்கினு கட்டு."

மறுநாள் தண்ணீர் கடல்முகத்துவாரம் பார்த்து ஓடத் தொடங்கியதும் வலை கட்டினார்கள். நாகப்பன் தலையில் ஈரத்துணியோடு, வலைக்குப் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கினான். இறால் முன்பக்கமிருந்து ஓட்டத்தோடு வருகிறது; பின்னால் இருப்பது ஏற்கெனவே மாட்டினதுதான். அது கலைந்து எங்கே போய்விடும்? இந்தச் சின்ன யோசனை இத்தனை காலமாக ஒருத்தருக்கும் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

கரையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டையில் உச்சிவேளை மணி அடித்தபோது, அவன் நின்ற இடத்தில் தண்ணீர் வடிந்து கணுக்காலுக்கு வந்துவிட்டது. தோள் காந்தியது, கண் இருட்டியது. கரைக்கு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சீ என்று சேற்றிலேயே மல்லாந்து படுத்தான். பக்கத்துப் படகுகளில் ஒரே சிரிப்பு.

"டேய், எருமைடா!"

"எருமைதான். ஒனக்கு இன்னா போச்சு?" என்றான் நாகப்பன், வாயில் சேறு போகாமல். ஒரு விரலில் நகம் ஊறிக் கழன்றிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வலையைத் தூக்கினார்கள். நாட்டார் தன் கூடைக்குள் முழங்கைவரை கைவிட்டுப் பார்த்தார். குறையவில்லை. நாகப்பன் கூடையையும் பார்த்தார். அதுவும் நிறைந்திருந்தது.

"சரிடா. பாடு ஒனக்கு உண்டு. நீ மட்டும் வலைக்குப் பின்னால எறங்கிக்கோ."

கரையில் காத்திருந்த பச்சையம்மா கூடையைத் தூக்கக் குனிந்தாள். ஆனால் சேறு வழிய நின்ற இந்த மனுஷன் நகரவில்லை.

"எனக்கு மட்டும்னா வோணாம் நாட்டாரே."

அடப்பாவி, காரியத்தைக் கெடுத்தானே என்று அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"இந்த உடம்பு எங்கம்மா வழில வந்துது. நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பொறந்து, அவ பெத்த புள்ளைக்கும் வரலாம். அவன் இங்க வந்து கையக் கட்டிக்கினு நிக்கக்கூடாது. வேர்க்காதவன் எவனா இருந்தாலும் எறங்கலாம்னு ஊர் கேக்கச் சொல்லுங்க."

நாட்டார் கோபமாக வாயைத் திறந்தார். கூடையைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு கரையில் நின்ற சனத்தின் பக்கம் திரும்பி, அவன் கேட்டதைக் கேட்டபடியே உரக்கச் சொன்னார்.

சனத்தோடு நின்ற அங்காளம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்து, தம்பி பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாள். அவன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.