மேசைக்குச் சிவப்புச் சீட்டு

"மேச மேலேர்ந்து கைய எடுயா..."

"இரு, அளந்துட்டு..."

"அதுல அளக்க இன்னா கீது? எட்டு வருசமா அதே மேசதான்."

"சோபா ஆறடி, லீலா. மேச மூணரை. செவுரு மொத்தமே ஒம்போதடி. நீயே கூட்டிப் பாரு. உன் மேச உள்ள இருந்தா சோபா வாசல்லதான் நிக்கும்."

"நிக்கட்டும். மழையில நனையட்டும்."

கன்னியப்பன் அளவு நாடாவைச் சுருட்டினார். நிலம் போன பிறகு, ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அங்கே கற்றதைப் பென்னலூர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஹால் தரையில் மஞ்சள் டேப். டிவிக்கு ஒரு கட்டம், செருப்பு ஸ்டாண்டுக்கு ஒன்று, அரிசி மூட்டைக்குக்கூட ஒன்று. வேண்டாத பொருளில் சிவப்புச் சீட்டு கட்டுவார். முப்பது நாள் யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது வெளியே போக வேண்டும். பழைய மிக்சியும் கால் உடைந்த நாற்காலியும் அப்படித்தான் போயின.

இப்போது மேசையின் காலில் சீட்டு தொங்கி முப்பத்தைந்து நாள். மகன் பிரவீன் ஐடிஐ படிக்கும்போது வாங்கிய மேசை. நாளைக் காலை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சோபா கொண்டுவரும் வண்டியே அதை ஏற்றிக்கொண்டு போகும் என்று பேசி வைத்திருந்தார்.

"இது வூடா, கம்பெனியா? எனக்கு எப்ப சீட்டு கட்டப் போற?"

"நீ பர்மனெண்ட்டு, லீலா. நான்தான் கான்ட்ராக்டு."

லீலா சிரிக்கவில்லை. கரண்ட் போய் மின்விசிறி மெல்ல நின்றது. இருவருமே அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யார் உக்கார்றா அதுல, சொல்லு. அவன் போயி ஏழு மாசம் ஆவுது."

"அவனா போனான்? இந்த வூட்ல உனக்கு எடமில்லன்னு நீதான சொன்ன."

"தூத்துக்குடி பக்கத்துலேர்ந்து வந்த பொண்ண, பெத்தவன் கிட்ட ஒரு வார்த்த கேக்காம கட்டிக்கினு வந்தா பின்ன இன்னா சொல்வாங்க? ஆரத்தி எடுப்பாங்களா? அத விடு. ரூல்ஸ் ரூல்ஸ்தான். சீட்டுல எழுதிக்கீது பாரு, கடைசியா பயன்படுத்துன தேதி. பங்குனி மாசம்."

லீலா அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். கீழே உட்கார்ந்து, சீட்டைத் தொடைமேல் வைத்து, அவர் எழுதியதை அடித்தாள். பக்கத்தில் நிதானமாக எழுதிவிட்டு எழுந்தாள்.

கன்னியப்பன் குனிந்து படித்தார். 'வெள்ளிக்கிழமை.'

"எந்த வெள்ளிக்கிழமை?"

"போன வெள்ளிக்கிழமை."

அவர் மேசையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கம்பெனியில் சூப்பர்வைசர் செய்வது போலவே. விரலில் தூசி இல்லை.

"அவனா வந்தான்?"

"உனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வர்ற வாரமெல்லாம் வருவான். மத்தியானம் சாப்ட்டு, நீ பஸ் எறங்கறதுக்குள்ள போயிடுவான்."

"இத்தினி நாளா எங்கிட்ட சொல்லல."

"சொன்னா இன்னா பண்ணுவ? அவனுக்கும் சீட்டு கட்டுவ."

கன்னியப்பன் சுவரைப் பார்த்தார். ஒன்பதடி. சோபாவுக்காக நேற்று ஒட்டிய மஞ்சள் கட்டம் மேசைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயிருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவன் மட்டும்தான் வருவானா?"

"உன் மருமவ அமலாவும் வருவா. மொத நாளு உக்காருமான்னு நாற்காலிய இழுத்துப் போட்டேன். 'இருக்கட்டும் அத்த, மாமா வந்து உக்காருன்னு சொல்லட்டும்'னுட்டா. அதோ, அந்தக் கதவுகிட்டதான். தட்ட கையில வாங்கிப்பா. அப்புறம் நான் கேக்கறதையே வுட்டுட்டேன்."

கதவுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம் தரைதான் இருந்தது. கன்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுகினேவா சாப்ட்டா?"