கடகட சத்தத்துக்கு நன்றி சொன்ன கம்பெனி

1

இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுக்கவில்லை. அண்ணி எழுதச் சொன்னார், எழுதுகிறேன். அண்ணி என்றால் அண்ணன் மனைவி மட்டுமல்ல, வாஷிங் மெஷின் கம்பெனியின் முதலாளியும்கூட. நான் அங்கே விளம்பர வாசகம் எழுதுபவன். "நம்ம கம்பெனி மக்களோட மனசு விட்டுப் பேசுதுன்னு ஒரு கதை எழுதுங்க தம்பி. படிச்சா கண்ணு கலங்கணும். குரூப்ல போடணும்" என்றார்.

குரூப் என்பது எங்கள் மெஷினை வாங்கியவர்கள் இணையத்தில் தாங்களாகவே தொடங்கிய குழு. அதன் பெயர் 'என் மெஷின் கத்துது'. பெயரிலேயே எங்கள் பெருமை தெரியும்.

முதல் தொடக்கம்: "அந்தத் தாயின் வீட்டில் துணியோடு சேர்ந்து கவலைகளும் வெளுத்து..."

(அடித்துவிட்டேன். எழுதியவனுக்கே குமட்டுகிறது.)

2

ஒழுங்காகத் தொடங்குகிறேன். குழுவில் இருப்பவர்கள் மெஷின் போடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார்கள். எங்கள் சர்வீஸ் மெக்கானிக் ஒருவர் அதைக் கேட்டே நோயைச் சொல்வார். "பெல்ட் தளர்ந்திருக்கு." "உள்ள ஒரு பட்டன் உருளுது, பாருங்க." ஆபீஸில் அவருக்குப் பெயர் காது. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்க முடியும். யாரும் அவரைப் பதில் சொல்லச் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவராகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கம்பெனி தன் பெயரில் உள்ளே நுழைந்தது. அதாவது நான் நுழைந்தேன். இருபது வினாடி கடகட சத்தம் அனுப்பியிருந்த ஒரு டீச்சருக்கு, "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்கள் புன்னகையே எங்கள் வெற்றி" என்று பதில் போட்டேன்.

டீச்சர் கேட்டார்: "சார், கேட்டுட்டுதான் எழுதறீங்களா, இல்ல எல்லாருக்கும் இதையே ஒட்டறீங்களா?"

3

(இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி அண்ணியின் உத்தரவு. இருக்கட்டும்.)

சும்மா கிடந்திருக்கலாம். 'மூன்று பிள்ளைகளின் அம்மா' என்று பொய்ப் பெயரில் மறுபடி நுழைந்து, "என் மெஷின் பூ மாதிரி ஓடுது" என்று எழுதினேன். "எங்க, சத்தத்த அனுப்புங்க, கேப்போம்" என்றார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆபீஸில் கரண்ட் இல்லை. வாயாலேயே ஊதி, உறுமி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் காது பதில் போட்டார்: "அம்மா, இது மெஷின் இல்ல, ஆள். மேல் வரிசையில ஒரு பல்லு ஆடுது. டாக்டர்கிட்ட காட்டுங்க."*

* காட்டினேன். ஆடத்தான் செய்தது.

4

இனி வருவது சிரிப்பதற்கில்லை. போன வாரம் காது குழுவில் எழுதினார்: "கடகடன்னு கத்தறதெல்லாம் ஒரே மாடல். பேரிங் மட்டம். உங்க மேல தப்பில்ல, கம்பெனிதான் மாத்தித் தரணும். நான் அங்கதான் வேலை பாக்கறேன்."

அண்ணி என்னிடம் இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று இந்தக் கதை. இன்னொன்று காதை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். கதைதான் இழுக்கிறது. கடிதம் ஒரே மூச்சில் வந்துவிட்டது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணியை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சரி என்று, இதுவரை எழுதியதை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பல்லு விஷயம் எதுக்கு?"

"உண்மைதானே அண்ணி."

"அப்ப காது எழுதினதும் உண்மையா?"

"அவர் என்னிக்கு தப்பா சொல்லியிருக்கார்?"

கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எத்தன மெஷின் கத்துது? நூறுக்குள்ளன்னா அது எந்தக் கம்பெனியிலயும் உள்ளதுதான். ஊதிப் பெருசாக்கினதுக்கு அவர் போகட்டும். நூறுக்கு மேலன்னா தப்பு என்னோடது. அத்தனையும் மாத்தித் தரேன், அவரும் இருக்கட்டும். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். போதுமா?"

"இதையும் எழுதலாமா?"

"வேணாம்னா விட்டுடவா போறீங்க?"

5

முடிவு அ: அண்ணி மனம் உருகிக் கடிதத்தைக் கிழிக்கிறார், பின்னணியில் வயலின்... (சகிக்கவில்லை.)

முடிவு ஆ: காது தலைநிமிர்ந்து ராஜினாமா... (வீட்டு வாடகையை யார் கட்டுவது?)

என்னிடம் முடிவு இல்லை. இதைப் படிக்கிற நீங்கள் அந்தக் குழுவில் இருப்பவர்கள்தானே. காது சொன்ன அந்த மாடல் வீட்டில் இருந்தால் ஓடவிட்டு, நாளைக் காலை பத்து மணிக்குள் சத்தத்தைக் கீழே போடுங்கள். சத்தமில்லாமல் ஓடினால் அதையும் போடுங்கள், அவருக்குப் பாதகமானாலும் பரவாயில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பொய்ச் சத்தம் மட்டும் அனுப்பாதீர்கள். அதைக் கண்டுபிடித்து அண்ணியிடம் சொல்லும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

காதுக்குக் கடித விஷயம் இன்னும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. இந்த நிமிஷம் அவர் கீழே சர்வீஸ் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உங்களில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருக்கிறார். வெளியிடுகிறேன்.