கோகிலாவுக்கு எழுதிக்கொடுத்த சோப்பு

தண்ணீரில் காஸ்டிக் சோடா கரையக் கரைய வாளியிலிருந்து ஆவி எழுகிறது, தள்ளி நில்லு கோகிலா, நெடி மூஞ்சில அடிக்கும் என்கிறேன், அவள் நகராமல் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள், கல்யாணமாகி இரண்டாம் வருடம் அது, லாரிப் பட்டறையிலிருந்து நான் சுமந்துவரும் கிரீஸ் கறையைப் போக்கக் கடைப் பவுடரைப் போட்டுப் போட்டு அவள் விரலெல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கச் சகிக்காமல்தான் எண்ணெய் ஆலைக்காரர் ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன், ஆறிய கரைசலைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றி, இட்லி மாவுப் பதம் வரும்வரை கிண்டி, தட்டில் கொட்டி, மறுநாள் கட்டிகளாக அறுத்து, ஒரு மாதம் நிழலில் காயவைத்துக் கொடுத்தேன், அந்தச் சோப்பில் என் சட்டையைத் துவைத்து முடித்ததும் அவள் ஈரக் கையை என் முன் நீட்டினாள், எரியலைங்க, கொஞ்சங்கூட எரியலைங்க.

விரல்கள் ஆறின, பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போகட்டுங்களா என்று கேட்டாள், வேண்டாம், வீட்டு வேலையை யாரு பாக்கறது என்றேன், அப்ப என் கைய ஆத்துனது உங்க துணியத் துவைக்கறதுக்குத்தானுங்களா என்றாள், அறைந்துவிட்டேன், அவள் அழவில்லை, வாளியில் மிச்சமிருந்த துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள், அதுக்காக இல்ல கோகிலா என்று கனவில் எத்தனையோ முறை பதில் சொல்கிறேன், கனவிலும் அவள் நம்புவதில்லை.

மூன்று வருடம் கழித்து இன்று குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தோம், படியில் ஏனுங்க என்று கூப்பிட்டாள், அந்தக் குரலில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று ஒரு நொடி நம்பினேன், தப்பா நெனைக்காதீங்க, அந்தச் சோப்பு எப்படிச் செய்யறதுன்னு எழுதித் தர்றீங்களா என்றாள், பேனாவை நீட்டிய விரல்கள் மறுபடி வெடித்திருந்தன, படியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றிவிடாதே, கையுறை போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்துவை, எழுத வேறொன்றும் இல்லாதபோதும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், ஒரு மாசம் காயணுமுங்களா என்கிறாள், ஆமா, அதுவரைக்கும் எங்கிட்ட பத்துக் கட்டி இருக்கு, கொண்டாந்து தரட்டுமா என்கிறேன், வேண்டாமுங்க, நானே செஞ்சுக்கறேன், கோகிலா, அன்னிக்கு நீ கேட்டதுக்கு, என்று நான் ஆரம்பிக்கும்போதே காகிதத்தை மடிக்கிறாள், இதுல எழுதுனது போதுமுங்க, என்று சொல்லிப் படியிறங்கிப் பெருந்துறை பஸ்ஸில் ஏறுகிறாள், நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.