கிட்டத்துக் குறி

நானும் மச்சான் கனிஸும் புறா வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, ஊரே பூசையில் இருந்தது. துப்பாக்கியும் கையுமாகப் பாதிரியார் கண்ணில் பட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கொக்கோத் தோட்டத்துப் பின்வழியாக வந்தோம். கனிஸுக்கு வாய் ஓயவில்லை.

"நீ இன்னைக்கு அடிச்சதெல்லாம் இலைதான் நாதுஸ். வீட்டுக்குப் போயி இலைக் குழம்பு வைக்கச் சொல்லு."

"முப்பதுக்குக் கட்டின ஸ்கோப்பை வச்சு அம்பதுல அடி, அம்பதுல அடின்னு உசுப்பேத்தினது யாரு மச்சான்?"

என் துப்பாக்கி ஜாவாவில் செய்தது. பம்ப் அடித்துக் காற்று ஏற்றிச் சுடுவது. எட்டு பம்ப் அடித்தால் முப்பது மீட்டரில் ஸ்கோப்பின் சிலுவைக்கோடு எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போய் உட்காரும். பம்ப் குறைந்தால் கீழே, கூடினால் மேலே. இதைச் சரிக்கட்டுவதற்காக வாழைத்தண்டாகச் சுட்டுத் தள்ளியவன் நான். கொக்கோவைத் தின்கிற எலியிலிருந்து பழந்தின்னி வௌவால் வரை முப்பதில் எனக்குத் தப்பாது. அதற்கு அப்பால் ஆண்டவன் விட்ட வழி.

வீட்டுக் கொல்லை தெரிந்த இடத்தில் டிகாவின் குரல் கேட்டது.

"நோங்! அங்கேயே நில்லு! கிட்ட வராத!"

டிகா என் மனைவி, கனிஸின் தங்கை. எங்கள் ஊர்ப் பேச்சில் நோங் என்றால் பையன்; சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரியே இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். கொப்பரையைப் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்று அன்றைக்குப் பூசைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டாள். இப்போது அந்தக் கொப்பரைப் பரண்மேலேயே, தேங்காய் மூடிகளுக்கு நடுவில், கைலியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். மூங்கில் பரண், என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். கொப்பரை காய்வதற்காக அடியில் ஒரு மூலையில் மூட்டிய நெருப்பு புகைந்துகொண்டிருந்தது.

பரணுக்குக் கீழே ஒரு நாய் நின்றது.

செம்பட்டை நாய். எங்கள் பக்கத்து நாய் இல்லை. பின்னங்கால்கள் தள்ளாடின. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. பரணைத் தாங்கிய மூங்கிலைக் கடித்துக்கொண்டிருந்தது. பல் மூங்கிலில் உரசுகிற சத்தம் நாங்கள் நின்ற இடம் வரை கேட்டது. இரண்டு பேருமே அந்த நோயின் பேரைச் சொல்லவில்லை. எங்கள் தீவில் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இங்கேருந்தே போடுடா!" என்றான் கனிஸ்.

"போட்டா?"

"சாவும்!"

சாகாது. இங்கிருந்து ஐம்பது மீட்டர். என் குண்டு நாயின் மண்டைத் தோலைக் கிழித்துவிட்டு எலும்பில் நின்றுவிடும். நாய்க்கு வலிக்கும், அவ்வளவுதான். வலித்த நாய் பரண்மேல் பாயுமா, எங்கள்மேல் பாயுமா என்று யாருக்குத் தெரியும்? இந்தத் துப்பாக்கியால் ஒரு நாயைக் கொல்ல வேண்டுமென்றால் பத்து மீட்டருக்குள் போக வேண்டும். காதை ஒட்டிப் போட வேண்டும். அதுவும் ஒரே குண்டுதான். அடுத்த குண்டுக்கு மறுபடி பம்ப் அடித்தாக வேண்டும். அதுவரை நாய் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காது.

நின்ற இடத்திலேயே பம்ப் அடிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாய் மூங்கிலை விட்டுவிட்டு மேலே எம்பியது, முன்னங்கால் பரண் விளிம்பில் பட்டுச் சரிந்தது. டிகா வீலென்று கத்தினாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கை நின்றபோது எத்தனை அடித்தேன் என்பது விட்டுப்போயிருந்தது.

"மச்சான், எத்தனை ஆச்சு?"

"அடிச்சது நீ, என்னைக் கேக்குற!"

குறைவாக அடித்திருந்தால் குண்டுக்கு வேகம் இருக்காது. ரொம்ப அடித்திருந்தால் உள்ளே வால்வு இறுகிப் பாதிக் காற்றுதான் வெளியே வரும். ஒருமுறை வானத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு முதலிலிருந்து எண்ணலாம் என்றால், அந்தச் சத்தத்துக்கு நாய் என்ன செய்யும்? உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்றே தெரியாத துப்பாக்கிக்கு ஒரே வழிதான். இன்னும் கிட்டே போக வேண்டும்.

போனேன். எனக்குப் பயம். வேட்டைக்காரன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவனுக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கனிஸ் அரிவாளை உருவிக்கொண்டு என்கூடவே வந்தான், பாதி தூரம் வரைக்கும். அங்கே ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் அவன் கால் நின்றுவிட்டது. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

"வாங்க, வாங்க வேட்டைக்காரரே," என்றாள் டிகா. சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகிற அதே குரல். "வாழைத்தண்டு ஓடாது. இது ஓடும். பாத்துக்க."

"சும்மா இரு டிகா."

"சும்மாதான இருக்கேன். ஆடுறேனா?"

அந்தக் கிண்டல்தான் என்னை நடக்க வைத்தது. இவளுக்கே பயமில்லை என்றால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். உரித்துப் போட்ட தேங்காய் மட்டைக் குவியல் வரை போய், அதன் பின்னால் மண்டி போட்டேன். நாய்க்கும் எனக்கும் நடுவில் எட்டு மீட்டர் இருந்தால் அதிகம்.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நாயைக் காணோம். வட்டம் முழுக்க வெறும் செம்பட்டைக் கலங்கல். தூரத்துக்கென்று செய்த கண்ணாடி, கிட்டத்தில் கண்ணைக் கெடுத்துவிட்டது. காது எது, கழுத்து எது என்று புரியவில்லை. அது போதாதென்று இன்னொரு கணக்கு. ஸ்கோப் குழலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது. முப்பதில் இரண்டும் ஒரே புள்ளியில் சேரும். இத்தனை கிட்டத்தில் சேராது. குண்டு கோட்டுக்குக் கீழே ஒன்றரை விரல் தள்ளிப் படும். காதில் குறி வைத்தால் தாடையைத்தான் உடைப்பேன். காதுக்கு மேலே வைக்க வேண்டும். அதற்குக் காது தெரிய வேண்டும், தலை ஒரு நொடியாவது ஆடாமல் நிற்க வேண்டும்.

தலை நிற்கவில்லை. நாய் மூங்கிலைக் கடித்தது, உதறியது, மறுபடி கடித்தது. பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை. இதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் டிகா மூங்கிலைத் தட்டினாள். "ஏய், இங்க பாரு," என்றாள் நாயிடம். கைலிக்குள்ளிருந்து இடது காலை எடுத்துப் பரண் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டாள்.

கத்தினால் நாய் பாயும். கத்தாவிட்டால் அவள் காலை எடுக்க மாட்டாள். நாய் திரும்பியது. தலையைத் தூக்கி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. பரணுக்கு அடியிலிருந்து வந்த புகையின் வெளுப்பில் காது மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"சுடு, நோங்."

காதுக்கு மேலே ஒன்றரை விரல் விட்டுச் சுட்டேன்.

நாய் முதலில் உட்கார்ந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைத்தது. நான் எழுந்து நின்று எண்ணாமலேயே பம்ப் அடித்து, இன்னும் கிட்டே போய், இன்னொரு குண்டையும் போட்டேன். கனிஸ் மரத்துக்குப் பின்னாலிருந்து ஏசுவே, ஏசுவே என்றான்.

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. "உனக்குப் பைத்தியமா? எதுக்குடி காலைத் தொங்கவிட்ட? கடிச்சிருந்தா?"

டிகா இறங்கி வரவில்லை. கைலியை முழங்கால் வரை தூக்கினாள். கெண்டைக்காலில் இரண்டு ஓட்டை. ரத்தம் வழிந்து குதிகால் வரை காய்ந்திருந்தது.

"இது கடிச்ச கால்தான்," என்றாள். "நல்ல காலைத் தொங்கவிட நான் என்ன முட்டாளா?"

"எப்போ?"

"பரண்ல ஏறும்போதே."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நாயைச் சுட்டிருக்க மாட்ட, பதறிப்போயி என்னைத்தான் சுட்டிருப்ப." சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனது. "நோங், எனக்குப் பயமா இருக்கு. என்னைத் தூக்கு."

தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். துணி சோப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றிக் கழுவினேன். அவள் அலறினாள், நான் விடவில்லை. கனிஸ் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, போதும் வா, போதும் வா என்று அழுதான். போதாது, இன்னும் கழுவணும் என்று நானும் அழுதேன். அப்புறம் அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினோம். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருந்தது. கடிவாயில் போடுகிற சீரம் இல்லை. அதற்கு மௌமரே பட்டணத்து ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம், அன்றைக்கே கிடைத்தது.

ஊசியெல்லாம் போட்டு முடித்துப் பல மாதம் ஆகிறது. இனிமேல் பயமில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். இந்த நோய் வந்தால் முதலில் தண்ணீர்தான் தொண்டையில் இறங்காமல் போகும். அதனால் டிகா தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவள் தொண்டையைப் பார்க்கப் போய் நிற்கிறேன். ஆரம்பத்தில் திட்டினாள். இப்போது திட்டுவதில்லை. டம்ளரை நிரப்பிக்கொண்டு அவளே என் எதிரில் வந்து நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்துக் காட்டுகிறாள்.

"போதுமா?" என்கிறாள்.

"இன்னொரு டம்ளர்," என்கிறேன்.

குடிக்கிறாள்.