ஆட்சேபணைக்கு உரிய மாமனார்

காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் மொத்தம் மூன்று ஆட்சேபணைகள் இருந்தன. முதல் இரண்டையும் படித்தபோது அவள் கையிலிருந்த சால்டரிங் கம்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு மங்கலாக இருக்கிறது, ஒரு பாகத்துக்கு எண் போட விட்டுப்போயிருக்கிறது என்கிற மாதிரி சில்லறைக் குறைகள். மூன்றாவதைப் படித்ததும் கம்பியைத் தாங்கியில் செருகினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். 'இந்த மின்சுற்று, விண்ணப்பம் தாக்கல் செய்யப்படும் முன்பே பொதுவெளியில் வெளியிடப்பட்டுவிட்டது. ஆதாரம்: இணையத்தில் உள்ள ஒரு காணொளி. அதில் முதியவர் ஒருவர் இதே சாதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் செயல்பாட்டை விளக்குகிறார்.' அந்தக் காணொளிக்கு விண்ணப்பதாரரே விருப்பக் குறி இட்டிருக்கிறார் என்பதையும் விண்ணப்பத்தை ஆராய்ந்த பரிசோதகர் விடாமல் எழுதியிருந்தார். கீழே சாட்சிக்கு ஒரு படம் வேறு. படத்தில் இருந்தவர் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் செய்தித்தாளை வீடே அதிர வாசித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வருகிறது என்று அவர் சொன்னால், தண்டவாளத்தில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் சோதனை. குளிக்கத் தண்ணீர் சூடாகிவிட்டது என்பதை அவர் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். யாரோ சொந்தக்காரர் யோசனை சொல்ல, மாமனார் கைப்பேசியில் காணொளி எடுத்து இணையத்தில் போட ஆரம்பித்தார். குடையை எப்படி மடிப்பது, பூட்டுக்கு எப்படி எண்ணெய் விடுவது என்று எதையாவது விளக்குவார். பார்ப்பவர்கள் எல்லோரும் அத்தை மக்கள், சித்தப்பா மக்கள் வகையறா. அதையெல்லாம் யாராவது 'பொதுவெளி' என்று சொல்வார்களா?

பரிசோதகர் சொல்லிவிட்டாரே.

அவள் செய்திருந்தது தண்ணீர் மோட்டாருக்கான ஒரு காவல் சுற்று. கிணற்றிலோ தொட்டியிலோ தண்ணீர் தீர்ந்து, மோட்டார் வெறுமனே ஓடினால் தானாக நிறுத்திவிடும். கடையில் விற்பவையும் இதைச் செய்யும். ஆனால் குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தாலும் பதறிப்போய் நிறுத்திவிடும். அப்புறம் யாராவது எழுந்துபோய் மறுபடி போட வேண்டும். அவளுடையது குமிழியை மன்னிக்கும், வறட்சியை மன்னிக்காது. நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் அவள் வடிவமைத்த சுற்றுகள் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. வேலையை விட்டுவிட்டு, பின்கட்டு அறையில் மேஜை போட்டு, தன் பெயரில் செய்த முதல் சாதனம் இதுதான். அதை ரொம்பவும் விரும்பினாள். காப்புரிமைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட எந்தச் சுவர் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள்.

அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு அவளும் கணவனும் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். எடுத்தவன் அவன்தான். 'என் மருமகள் கண்டுபிடித்த அதிசயம்' என்று தலைப்பு. மாமா சட்டை மாற்றி, தலை வாரி, சர்க்யூட் போர்டைக் கையில் ஏந்தி நின்றார். "இதுக்குள்ள ஒரு சின்ன காது இருக்கு. தண்ணி ஓடற சத்தத்த அது கேட்டுட்டே இருக்கும். சத்தம் நின்னா மோட்டார நிறுத்திடும்." போர்டின் முக்கியமான பாதியை அவர் கட்டை விரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியைக் காட்டாமல் கேமரா அவர் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, சர்க்யூட்ட காட்டாம உங்க அப்பா மூக்க எதுக்கு இவ்வளவு பக்கத்துல எடுத்திருக்கீங்க?"

"அப்பாதான் கிட்ட வா, கிட்ட வான்னு சைகை பண்ணினார்," என்று அவன் அசடு வழிந்தான்.

மறுநாள் அவள் போய்ப் பார்த்த வக்கீலம்மா, காணொளியை மூன்றாம் முறை ஓடவிட்டதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர். காப்புரிமை வழக்குகளிலேயே ஊறியவர், லேசில் சிரிக்க மாட்டார் என்று பெயர்.

"இதுதாங்க நமக்கு நல்ல காலம். வெளிய காட்டினா மட்டும் போதாது. அத பார்த்து விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் அதே சர்க்யூட்ட செய்ய முடியணும். முடிஞ்சா நாம தோத்தோம். உங்க மாமனார் பேசினத வெச்சு யாராலயும் ஒரு காலிங் பெல்லக்கூட அடிக்க வைக்க முடியாது. அத அப்படியே எழுதிடலாம்."

"எப்படி எழுதுவீங்க?"

"'காணொளியில் பேசுபவர் இச்சாதனம் பற்றி எந்த அறிவும் இல்லாதவர், அவர் கூறியவை முற்றிலும் தவறு.'"

அவளுக்குச் சுருக்கென்றது. "'எந்த அறிவும்'னு வேண்டாமே. 'போதிய தகவல் இல்லாதவர்'னு போடலாமா?"

"அவர கொஞ்சம் தூக்கி விட்டா, நாம கொஞ்சம் இறங்குவோம். எவ்வளவு இறங்கலாம்னு சொல்லுங்க." அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். கிளம்பும்போது வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னார். "விசாரணைக்கு அவரையும் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் தயவுசெஞ்சு அவருக்கு இத பத்தி ஒண்ணும் சொல்லித் தராதீங்க. அங்க வந்து சரியா விளக்கிட்டார்னா, அன்னிக்கே தெரிஞ்சுதான் பேசினார்னு நினைச்சுடுவாங்க."

பார்த்தால், அன்றிலிருந்துதான் மாமாவுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை பிடித்துக்கொண்டது. காணொளியின் கீழே யாரோ ஒருவர், 'அந்தக் காது எந்தப் பாகம்?' என்று கேட்டிருந்தாராம். காலையில் அவள் மேஜைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "அம்மா, இதுல காது எதுன்னு மட்டும் காட்டு. அவங்களுக்கு பதில் சொல்லணும்." அவள் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து ஓடுவாள். மறுநாள் வருவார். ஒரு அவசர போன். அதற்கும் மறுநாள் அவர் வரும் காலடி கேட்டதுமே போர்டைத் துணியால் மூடினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போய்ச் செய்தித்தாளை எடுத்தார். அன்றைக்குச் சத்தமில்லாமல் வாசித்தார். வீடு அமைதியாக இருந்தது, அவளுக்கு வேலை ஓடவில்லை.

விசாரணைக்கு மாமாவும் வர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தபோது, இனி மூடி மறைக்க வழியில்லை என்று ஆயிற்று. சாப்பாட்டு மேஜையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அப்ப காதே இல்லையா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

"தண்ணி சத்தம்?"

"அதுக்கு கேக்கவே கேக்காது."

அவர் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். "பிளாட்பாரம் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே திருத்தி சொல்லிடுவேன். எனக்கு தகவல் கொடுக்காம விட்டவன ஒரு நாளும் சும்மா விட்டதில்ல. இத்தனை நாளா ஜனங்கள தப்பான பிளாட்பாரத்துல நிக்க வெச்சிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்தர்கூட வாய திறக்கல."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா பேசினீங்க மாமா. குறுக்க பேச மனசு வரல."

"அது மரியாதை இல்லம்மா. குழந்தைங்ககிட்டதான் அப்படி நடந்துப்பாங்க."

தன் பெயருக்காக இவ்வளவு ஆசைப்பட்டவள், இந்த மனிதரின் பெயரைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"சரி, போனது போகட்டும். இப்ப சொல்லித் தா," என்றார் அவர்.

அவள் மென்று விழுங்கினாள். "விசாரணை முடியற வரைக்கும் சொல்லக் கூடாதாம் மாமா. வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

"அப்ப நான் ஒண்ணும் தெரியாதவனாவே வரணும்."

"ஆமா மாமா."

"முழுசாவா?"

"முழுசா."

மாமா மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தன் வழக்கமான குரலில் சிரிக்கத் தொடங்கினார். மேஜையில் கரண்டிகள் அதிர்ந்தன. "அதுக்கு நான் தனியா ஒத்திகை பார்க்க வேண்டியதில்லையே!"

விசாரணை அறை சிறியது. நீள மேஜை, சுவரில் ஒரு திரை, சத்தம் போடும் குளிர்சாதனம். பரிசோதகர் எதிர்பார்த்ததைவிட இளைஞர். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. முகத்தில் சிரிப்பு என்பதே மருந்துக்கும் இல்லை. காணொளியை ஓடவிட்டார். மாமாவின் மூக்கு திரை முழுவதும் நிறைந்தது. முடிந்ததும் மாமாவின் பக்கம் திரும்பி, "ஐயா, அன்னிக்கு சொன்ன மாதிரியே இப்ப ஒரு தடவ சொல்லுங்க," என்றார்.

மாமா எழுந்து தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். பக்கத்து அறைகளிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சின்னக் காது, தண்ணீர் ஓடும் சத்தம் என்று ஒரு சொல் மாறாமல் சொன்னார். காது எங்கே என்று கேட்டதற்கு, மேஜை மேலிருந்த போர்டில் கம்பீரமாக ஃபியூஸைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தத்த கேட்டுத்தான் வேலை செய்யுதுன்னா, மழை பெய்யறப்ப அந்த சத்தத்த கேட்டு மோட்டார் நிக்காம ஓடுமே?"

மாமா கையை விரித்தார். "மழை பெய்யறப்ப எதுக்கு சார் மோட்டார் போடணும்?"

எட்டிப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். பரிசோதகர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "உண்மையில இது எப்படி வேலை செய்யுதுன்னு இப்பவாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார். எனக்கு சொல்லித் தரக் கூடாதுன்னு தடை போட்டிருக்காங்க."

வக்கீலம்மாவுக்கு இருமல் வந்தது. பரிசோதகர் அதைக் குறித்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. அவளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். இவர் சொன்னதுல ஏதாவது ஒண்ணாவது சரியா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். பதிலும் பாடமாகியிருந்தது. ஆனால் மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்டு, அறிவிப்பு முடிந்த பிறகு ஒலிபெருக்கியின் முன்னால் நிற்பவர் போல. வாசலில் நின்ற இரண்டு பேரும் அடுத்த சிரிப்புக்குத் தயாராக இருந்தார்கள். தண்ணீர் தீர்ந்தால் நிற்கும் என்பதையாவது சரியாகச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லலாமா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பரிசோதகர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியும். அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார், சொல்லேன் என்பது போல.

"இல்ல சார்," என்றாள். "ஒண்ணுகூட சரியில்ல."

யாரும் சிரிக்கவில்லை. பரிசோதகர் எழுதிக்கொண்டார். முடிவு எழுத்தில் வரும் என்று சொல்லி, மூக்கை உறிஞ்சியபடி எழுந்துபோனார்.

வக்கீலம்மா கோப்புகளை எடுத்துக்கொண்டு அடுத்த விசாரணைக்கு ஓடிவிட்டார். கணவன் வேலைக்குப் போயிருந்ததால் அவர்கள் இரண்டு பேர்தான். வெளிப்படிகளில் மாமா மெதுவாக இறங்கினார். பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். அவள் ஓடிவந்து குனிந்தாள்.

"என்ன மாமா, தலை சுத்துதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தடை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப சொல்லித் தா."

"வீட்டுக்கு போய்..."

"இங்கயே."

காகிதம் எல்லாம் கோப்போடு போய்விட்டது. கைப்பையைத் துழாவினாள், ஒரு பேனாதான் கிடைத்தது. மாமா வலது உள்ளங்கையை நீட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். படியேறுபவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இது மோட்டார். இது வோல்டேஜ், முன்னாடி போகும். இது கரண்டு, எப்பவும் கொஞ்சம் பின்னாடிதான் வரும். தண்ணிய இழுக்கற பாரம் இருந்தா கரண்டு நெருங்கி வரும். தண்ணி இல்லன்னா பின்தங்கிடும். அந்த இடைவெளியத்தான் இது பார்க்குது."

மாமாவின் புருவம் மேலே போனது. "தாமதம்!"

"என்ன மாமா?"

"ஒரு வண்டிக்கு பின்னாடி இன்னொரு வண்டி எவ்வளவு தாமதமா வருதுன்னு பார்க்குது. கொஞ்ச நேர தாமதம்னா சிக்னல் கோளாறு, சரியாயிடும், விட்டுடலாம். தாமதம் தொடர்ந்துச்சுன்னா வண்டிய ரத்து பண்ணணும்."

அவள் பேனாவை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். சிக்னல் கோளாறுதான் காற்றுக் குமிழி. விண்ணப்பத்தில் அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது அத்தனையும் அதற்குள் வந்துவிட்டது.

"அட, இதத்தானா இவ்வளவு நாள் மூடி வெச்சே? அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வீடியோவுல ரெண்டே வரியில சொல்லியிருப்பேனே!"

சொல்லியிருப்பார்தான். அன்றோடு காப்புரிமையும் போயிருக்கும் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மோட்டாரை நிறுத்தும் ரிலேயையும் வரைந்து, அதிலிருந்து ஒரு கோட்டை அவர் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.

பேருந்தில் உட்கார இடம் இல்லை. மாமா இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நடத்துநர் வந்தபோது பயணச்சீட்டை வாயால் கவ்வி வாங்கினார். வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் குலுங்கி நின்றது, ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள், அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தார். வலது கையை மட்டும் யார் மேலும் படாமல், கூட்டத்துக்கு மேலே உயர்த்தி, விரல்களை அகல விரித்து, மை கலையாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.