அக்கா வீட்டில் சம்பளமா?

சலவைக்கடையின் பின்னறையில், அக்கா தங்கைகள் மூவரில் இரண்டாமவள் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடை அவளுடைய அக்கா புருஷனுடையது. ஒத்தாசைக்கென்று வந்தவள். வந்த அன்று, "பத்திரமா இருக்கட்டும்" என்று அக்கா இவளிடமிருந்து வாங்கி வைத்த போனை அதன்பிறகு கண்ணால் பார்க்கவில்லை. நீராவி பட்டு முழங்கை வெந்தபோது அத்தான்தான் மருந்து தடவினார். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா."

அன்று காலை தொழிலாளர் துறை அதிகாரி ஒருத்தி உள்ளே வந்தாள்.

"இங்க உங்க உழைப்பை யாராவது சுரண்டுறாங்களா?"

இவளுக்குச் சிரிப்பு வந்தது. "சட்டியைத்தான் சுரண்டுவோம். உழைப்பை எப்படி மேடம்?"

"வெளியே விடாம, சம்பளம் தராம, உடம்புக்கு முடியலன்னாலும் வேலை வாங்குறது."

கதவோரம் அக்கா நின்றிருந்தாள். "கூடப்பிறந்தவளை யாராவது சுரண்டுவாங்களா? அக்கா வீட்ல சம்பளமா?"

"ஆமா மேடம், எங்க அக்கா வீடுதான் இது" என்றாள் இவள். அதிகாரி அரைமனதாக வெளியேறினாள்.

மதியம் அக்கா தன் தட்டிலிருந்த மீனையும் இவளுக்கே வைத்தாள். கை கழுவியபடி அத்தான் சொன்னார்:

"வாயைக் கொடுத்து மாட்டிக்காம நல்லா சமாளிச்சே. உனக்கும் ஒரு துணை வேணும்ல? கடைக்குட்டியை வரச் சொல்லிட்டேன். சாயந்திரம் பஸ்ல வர்றா. படிச்சுக் கிழிச்சது போதும்."

கடைக்குட்டி இன்னும் பள்ளிக்கூடம் போகிறவள். பின்னறையில் தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்திருப்பதை இவள் அப்போதுதான் கவனித்தாள். கடைசியாகத் தெருவில் நடந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

சாயந்திரம் அத்தான் வேனில் துணி ஏற்றும்போது பின்கதவு திறந்திருந்தது. செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தாள். தெருமுனை தாண்டியதும் ஓடினாள்.

பஸ் நிலையத்தில் கடைக்குட்டி பையோடு இறங்கினாள். "சின்னக்கா! நீயே வந்துட்டியா?"

"ஏறு. அந்தா கிளம்புதே, அந்த பஸ்ல திரும்பிப் போ."

"என்னக்கா ஆச்சு?"

"யாரு போன் பண்ணாலும் வராதே. நானே கூப்பிட்டாலும் வராதே."

கிட்டத்தட்டத் தள்ளி ஏற்றினாள். பஸ் நகர்ந்தது. தங்கை ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டே போனாள்.

பின்னால் வேன் கதவு சாத்தும் சத்தம். அத்தான் சிரித்த முகத்தோடு வந்து தோளைப் பிடித்தார்.

"என்னம்மா இது, ஊர் சிரிக்காதா? வா, வீட்டுக்குப் போலாம்."

விரல்கள் எலும்பில் இறங்கின. இவள் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இழுத்தார். பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி இவள் கத்தத் தொடங்கினாள்.