மாரித்தாய் பிரிக்காத அட்டை

குரலை வைத்தே ஊரைப் பார்த்துவிடுகிற பழக்கம் செல்வப்பிரியாவுக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் ஒட்டிக்கொண்டது. பாலக்காட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் அவள் மருந்தாளர். காலையில் கண்ணாடி அறைக்குள் இரட்டைக் கையுறையும் முகமூடியுமாக நின்று, அன்றைக்கு ஊசியில் ஏற வேண்டிய மருந்துகளை ஒவ்வொருவர் எடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஒத்துப் பார்த்துக் கலப்பாள். செம்பருத்திச் சாறு மாதிரி ஒன்று இருக்கும், வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கும். பத்து மணிக்கு மேல் போன். வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கூப்பிட்டு, ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, வாந்தி உண்டா, வயிறு போகிறதா என்று கேட்டு எழுதுவாள். அவள் எழுதியதைப் பார்த்துத்தான் டாக்டர் மோகனசுந்தரம் அடுத்த தவணையின் அளவைத் தீர்மானிப்பார்.

ஏலக்காய் மலைமேல் இருக்கிற சாந்தன்பாறையை அவள் கண்டதில்லை. நல்லேப்பிள்ளி வயல்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு மலை என்றால் தொலைவில் கிடக்கிற நீலக்கோடு, அவ்வளவுதான். ஆனாலும் அங்கிருந்து மாரித்தாய் போனை எடுத்தால் போதும். காற்றின் இரைச்சலும் இலையிலிருந்து இலைக்குச் சொட்டுகிற சத்தமும் சேர்ந்து வரும். ஜன்னல் இல்லாத மருந்தறையில் பனி இறங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும். செல்வப்பிரியா நாற்காலியில் இருப்பாள், இருக்கவும் மாட்டாள்.

மாரித்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. ஏலக்காய் பறிக்கிறவள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒண்டியாக இருக்கிறவள். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் கட்டிக் கொடுத்த தங்கையின் தயவில் இங்கே வந்து, குடலில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு மலையேறினாள். மறுபடி வராமலிருக்க எட்டுத் தவணை மாத்திரை. தினம் இரண்டு வேளை என்று பதினான்கு நாள் சாப்பிட வேண்டும், ஏழு நாள் விட வேண்டும். இப்போது நாலாவது தவணையின் பன்னிரண்டாம் நாள். ஐந்தாவதற்கான பார்சல் இன்று மூன்று மணி வண்டியில் போக வேண்டும்.

"மாரித்தாயம்மா, பாலக்காட்டுல இருந்து பிரியா பேசறனுங்க."

"மருந்துக்காரப் புள்ளையா? சொல்லு ஆத்தா. நீ கூப்பிட்டாத்தான் எனக்கு வியாழக்கிழமைன்னு தெரியுது."

"எப்படிங்க இருக்கறீங்க?"

"கல்லு மாதிரி இருக்கேன். எழுதிக்க."

"வாந்தி ஏதாவதுங்களா?"

"இல்ல."

"வாயில புண்ணு?"

"புண்ணு இருந்தா இம்புட்டுப் பேசுவேனா?"

"கை, கால் எரிச்சல்?"

"ஏலக்கா பறிக்கிற கை எரியாம என்னா செய்யும்? அது எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எரியுது."

மூன்று தவணையாக இதே பதில். மூன்று தவணையாக இவளும் சிரித்துக்கொண்டே 'தொந்தரவு இல்லை' என்று எழுதியிருந்தாள். நாலாவது முறையும் பேனா அந்தக் கட்டத்துக்குப் போனது.

"நேத்து ஒரு கூத்து கேளு," என்றாள் மாரித்தாய். "ரேஷன் கடைக்குப் போனேன். மெஷின்ல வெரலை வச்சா எடுக்க மாட்டேங்குது. கடையில நிக்கிற ஜிஸ்மி புள்ள தொடைச்சு வைங்குது, அழுத்தி வைங்குது. பத்து வெரலும் வச்சுப் பாத்தாச்சு. கடைசியில, 'சேச்சிக்கு ரேகையே இல்லல்லோ'ன்னு சொல்லிச் சிரிக்கிறா. வரிசையே சிரிக்குது. மெஷினுக்கு நான் செத்துப் போயிட்டேன் போல!"

அவளும் சிரித்தாள். செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்று நடுவதற்கு முன்னால் பரம்படித்த வயல் மாதிரி, ஒரு கோடும் இல்லாமல் மழமழவென்று கிடக்கிற பத்து விரல் நுனிகள் அவள் கண்முன் வந்தன. இந்த மாத்திரை அதைச் செய்யும். உள்ளங்கையும் விரலும் சிவக்கும், தோல் உரியும், ரேகை அழியும். ரேகை அழிகிற அளவுக்குப் போனவளுக்குக் கை எப்படி இருக்கும்?

"அம்மா, காலை மாத்திரை போட்டாச்சுங்களா?"

"இனிமேத்தான். இப்பத்தான் கஞ்சி குடிச்சேன்."

"அப்பச் சரிங்க. நான் லைன்லயே இருக்கறேன். அட்டையை எடுத்துப் பிரிச்சுப் போடுங்க."

"நீ போ, உனக்கு ஆயிரம் சோலி கெடக்கும்."

"இன்னைக்கு இந்த ஒரு சோலிதானுங்க."

அட்டை சரசரத்தது. பிறகு ஒன்றும் இல்லை. மாத்திரை பிதுங்கி வருகிறபோது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறவள் அவள். அது வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது, வலியை அடக்குகிற மூச்சு.

"எத்தனை நாளாச்சுங்க?"

"எது?"

"மாத்திரை போட்டு."

மலையில் எங்கோ ஒரு பறவை நீட்டிக் கூப்பிட்டு ஓய்ந்தது.

"நாலு நாளு," என்றாள் மாரித்தாய். "வெரல் நுனியெல்லாம் வெடிச்சுப் போச்சு. அட்டையை அமுக்குனா உசுரு போகுது. பல்லால கடிக்கலாம்னு பாத்தேன். ஒடைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"பக்கத்துல ஆருகிட்டயாவது எடுத்துக் குடுக்கச் சொல்லலாமுங்களே?"

"பக்கத்துல ஆனந்திதான் இருக்கா. ஆறு மாசம் அவளுக்கு. வயித்துப் புள்ளக்காரி இந்த மாத்திரையைத் தொடவே கூடாதுன்னு மொத நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னது யாரு? அவ கையை நீட்டிட்டா. நான்தான் போடின்னு வெரட்டிட்டேன். மத்தவளுக ஏழு மணிக்கே காட்டுக்குப் போயிருவாளுக."

"சாயங்காலம் வருவாங்கல்லங்க?"

"வந்தா? என்னா மாத்திரைன்னு கேப்பாளுகள்ல? லயத்துல எனக்கு மூலம்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஆனந்தி ஒருத்திக்குத்தான் உள்ளது தெரியும். மூலத்துக்கு எங்கயாச்சும் பாலக்காட்டுல இருந்து பார்சல் வருமா?"

செல்வப்பிரியா பேனாவை வைத்துவிட்டாள். சொன்ன பேச்சை ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள் இந்த அம்மாள். உடைக்கவில்லை, கர்ப்பிணி கையில் கொடுக்கவில்லை. கேட்டதனாலேயே மாத்திரை அட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நிறுத்திப்புடுவீக. ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தாளே, அவளுக்கும் ஒடம்பு தாங்கலை, நிறுத்துவோம்னாக. வீட்டுக்கு அனுப்பினாக. அதோட சரி. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் தாயி."

போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, செல்வப்பிரியா ஆஸ்பத்திரி லைனில் ஸ்பீக்கரைப் போட்டு டாக்டரைப் பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"தொந்தரவே இல்லைன்னு நீதானம்மா மூணு தரம் எழுதினே?" என்றார் மோகனசுந்தரம். "அதை நம்பி முழு அளவு போட்டு வச்சிருக்கறேன்."

"நான் கேட்ட விதம் சரியில்லைங்க, டாக்டர். அது என்மேலதான்."

"முழு அளவு போயிருந்தா நடக்கக்கூட முடிஞ்சிருக்காது. பார்சலை நிறுத்திடு. மாத்திரையையும் நிறுத்திடு. கை ஆறட்டும். ஆறினப்புறம் முக்கால் அளவுல ஆரம்பிக்கலாம்."

மேசைமேல் இருந்த போனை எடுத்தாள். அந்தப் பக்கம் காற்றும் இல்லை, சொட்டும் இல்லை. 'நிறுத்திடு' என்றது சாந்தன்பாறை வரைக்கும் போய்விட்டது. மாரித்தாய் வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மூன்றாம் தடவை இளங்குரல் ஒன்று எடுத்தது.

"அக்கா, நான் ஆனந்தி. அத்தை சுவத்தைப் பாத்துப் படுத்துருச்சு. பேச மாட்டேங்குது."

"அவங்க காதுகிட்ட வைங்க, கண்ணு. பேச வேண்டாம். கேட்டாப் போதும்."

புடவையோ போர்வையோ உரசியது. இப்போது அந்த இருட்டு அறையே செல்வப்பிரியாவுக்குத் தெரிந்தது. மண் சுவர், கொடியில் ஈரத்துணி, சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு. அவள் அந்த முதுகோடு பேசினாள்.

"அம்மா, மாத்திரையைத் தொடக் கூடாது, ஒடைக்கக் கூடாதுன்னு சொன்னேன். பிரிக்கவே முடியாமப் போனா என்ன பண்றதுன்னு சொல்லலை. எரிச்சல்னு நீங்க சொன்னப்ப சிரிச்சுட்டு எழுதிட்டேன். தப்பு என்னுதுங்க."

செல்வப்பிரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒரு எடுப்பு காய் பறிச்சு முடிஞ்சா அடுத்த எடுப்பு வரைக்கும் ஏலச்செடியை ஆற விடறீங்கல்லங்க? அதுமாதிரி..."

"செடிக்கு என்னா?" என்றது முதுகு. "அது பாட்டுக்கு நிக்கும். நான் படுத்துக்கிட்டு யோசிக்கிற சென்மம்."

செல்வப்பிரியாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. "அப்ப யோசிங்க. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மறுபடி எப்பன்னு ஆராவது நாள் சொன்னாங்களா?"

"இல்ல," என்றாள் மாரித்தாய்.

"உங்களுக்கு நான் சொல்றேன். வர்ற செவ்வாக்கிழமை காலையில கூப்பிடறேன். கையைப் பத்தி உள்ளதைச் சொல்லணும். ஆறியிருந்தா அன்னைக்கே பார்சல். ஆறலைன்னா அதுக்கடுத்த செவ்வா. தினமும் முக்கால் பங்குதான் இருக்கும். அட்டையா அனுப்ப மாட்டேன். நானே கையுறை போட்டு எடுத்து, வேளைக்கு ஒண்ணா மூடி வச்ச டப்பாவுல போட்டு அனுப்பறேன். உள்ளங்கையில கவுத்தினா விழுந்துரும். ஆனந்தியும் தொட வேண்டாம், நீங்களும் அமுக்க வேண்டாம்."

"முக்கால் பங்குக்கு அது அடங்குமா?"

"போட முடியாத முழுசை விட, போடற முக்கால் அடக்குமுங்க."

"இந்த நாலு நாளு விட்டதுக்கு?"

"அதுக்கும் சேத்துத்தானுங்க டாக்டர் கணக்குப் பண்ணியிருக்கறாரு. கையி ஆறினாத்தான் மிச்சம் நாலு தவணையும் போகும். இப்ப ஆத்திக்கறதும் வைத்தியந்தான்."

கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஏலக்காக் கறை போகச் சுடுதண்ணியிலயா கை கழுவறீங்க?"

"கொதிக்கக் கொதிக்க. உப்புப் போட்டு."

"இனி வேண்டாம். பச்சைத் தண்ணியில வைங்க. களிம்பு தனியா அனுப்பறேன். ஆனந்தி, ஒரு சட்டியில தண்ணி கொண்டா கண்ணு."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கைகள் உள்ளே இறங்குகிறபோது அது சற்றே அலம்பி அடங்கியது. ஆனந்தி போனைச் சட்டிக்குப் பக்கத்திலேயே பிடித்திருந்தாள் போலும். மருந்தறையில் யாரோ கதவைத் திறந்து எதையோ கேட்டார்கள். செல்வப்பிரியா ஒரு விரலை உயர்த்தி, பொறு என்றாள்.

"எப்படிங்க இருக்குது?"

"சில்லுனு இருக்கு," என்றாள் மாரித்தாய். பிறகு, "ரொம்ப எரியுது, பிரியா. கால் பாதமும் எரியுது. ராத்திரி தூக்கமே இல்ல," என்றாள்.

"சொல்லுங்க," என்று செல்வப்பிரியா பேனாவை எடுத்தாள். "ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."